கடன் இல்லை என்று சொன்ன பிறகு

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

இந்த வாரம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஒருவர் கடன் கேட்கிறார். கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர், விதியில் இடமில்லை என்று மறுக்கிறார். விதி நேர்மையாகப் போடப்பட்டதுதான். மறுத்தவருக்குத் தனிப்பட்ட விரோதமும் இல்லை. அப்படியானால் மறுத்தவரின் பொறுப்பு அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறதா? கிதாபில் படித்து எனக்கு வந்த கேள்வி இல்லை இது. மறுத்தவர்களில் நானும் ஒருவன்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு மஹல்லாவில் நடந்தது. ஊர் பெயரைச் சொல்லவில்லை, சம்பந்தப்பட்டவரின் மானம் முக்கியம். அங்கே பள்ளிவாசலின் பைத்துல்மாலோடு சேர்த்து ஒரு வட்டியில்லாக் கடன் நிதியும் நடந்தது. வசதியுள்ளவர்கள் ஒரு தொகையை அமானிதமாக வைப்பார்கள். வேண்டும்போது திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்திலிருந்து மஹல்லாவாசிகளுக்கு 25,000 ரூபாய் வரை கொடுப்போம். 10 மாதத் தவணை. வட்டி கிடையாது, சேவைக் கட்டணம் என்ற பெயரிலும் எதுவும் கிடையாது. இதுபோன்ற நிதிகள் நம் ஊர்கள் பலவற்றில் இருக்கின்றன. உங்கள் மஹல்லாவிலும் இருக்கலாம்.

சில ஆண்டுகள் நன்றாக நடந்தது. 2020-ல் ஊரடங்கு வந்தது. கடை திறக்க முடியாதவர்கள் தவணை கட்டவில்லை. அது நியாயம், நாங்களும் கேட்கவில்லை. ஊரடங்கு முடிந்தது. முடியாதவர்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் சிறுகச் சிறுகக் கட்டத் தொடங்கினார்கள். ஆனால் முடிந்தவர்கள் சிலர் கட்டவில்லை. ஒருவர் வீட்டுக்கு மாடி எழுப்பினார். ஒருவர் மகன் கல்யாணத்தை மண்டபத்தில் வைத்தார், எங்களுக்கும் பத்திரிகை வந்தது. பள்ளிவாசல் பணம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. நிதியில் மூன்றில் ஒரு பங்கு வெளியே நின்றுவிட்டது. பணம் வைத்தவர்களில் இரண்டு பேர் திருப்பிக் கேட்டு வந்தபோது உடனே கொடுக்க முடியவில்லை.

அதன்பிறகு கமிட்டி கூடி விதிகளை இறுக்கியது. நகை அடமானம் வைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். ஜாமீன் போடுகிறவர் நிதியில் பணம் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவர் பாக்கி வைத்திருந்தால் அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் கடன் இல்லை. எல்லோரும் சம்மதித்தோம். நானும் தலையாட்டினேன்.

அடுத்த இரண்டாவது மாதம் ஒரு சகோதரர் வந்தார். தள்ளுவண்டியில் பழம் விற்பவர். காலையில் மண்டியில் சரக்கு எடுத்து, இரவு எட்டு மணிவரை பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்பார். தாயாரின் ஆஸ்பத்திரிச் செலவில் கைமுதல் கரைந்துவிட்டது. 20,000 கேட்டார். நகை இல்லை, இருந்ததும் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது. ஜாமீனுக்கு இரண்டு பெயர் சொன்னார். ஒருவர் பக்கத்து வண்டிக்காரர், மற்றவர் சைக்கிள் கடை வைத்திருப்பவர். இருவருமே நிதியில் பணம் வைத்தவர்கள் இல்லை. அதற்கு மேலாக, அவருடைய அண்ணன் முன்பு வாங்கிய கடனில் பாக்கி நின்றது. அண்ணன் ஊரிலேயே இல்லை.

பொருளாளர் பதிவேட்டைப் பார்த்தார். ரூல்படி முடியாது பாய் என்றார். அந்தச் சகோதரர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். சரிங்க அஜ்ரத் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மொத்தம் நாலைந்து நிமிடம் இருக்கும். அடுத்த விண்ணப்பத்தை எடுத்தோம்.

அன்று மாலையே அவர் தண்டல்காரரிடம் போனார். தண்டல் கணக்குத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 20,000 கடன் என்று எழுதுவார்கள். 3,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 17,000-ஐக் கையில் கொடுப்பார்கள். மறுநாளிலிருந்து தினம் 200 ரூபாய், 100 நாள். மழை பெய்தாலும் 200, பழம் அழுகினாலும் 200. மூவாயிரம்தானே என்று தோன்றும். தினமும் அசலும் திரும்பிக்கொண்டே இருப்பதால், ஆண்டுக் கணக்கில் போட்டுப் பார்த்தால் அந்த வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். ரிபா ஹராம் என்று அதே பள்ளிவாசலின் மிம்பரில் நின்று நான் பேசியிருக்கிறேன். அவர் கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஏழைக்கு உதவாத கமிட்டி என்று சொல்லிவிடுவது சுலபம். நம்மில் பலர் அப்படித்தான் பேசுகிறோம், அதுவும் நிதியில் ஒரு ரூபாய்கூட வைக்காதவர்கள்.

அந்தப் பணம் யாருடையது? கமிட்டியுடையது அல்ல. தன் கணவரின் பணிக்கொடையில் ஒரு பகுதியை வைத்திருந்த ஒரு விதவைத் தாயும் அதில் இருந்தார். அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அன்னிஸா அத்தியாயத்தில் (4:58) அல்லாஹ் கட்டளையிடுகிறான். அந்தத் தாயின் பணத்தை எடுத்து இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டு, அவர் கேட்டு வரும்போது கையை விரித்தால் அது தாராளம் ஆகாது. அடுத்தவர் பணத்தில் நல்ல பெயர் வாங்குவது அது.

எழுத்தும் அடமானமும் ஜாமீனும் ஏழையை அவமதிக்க வந்தவை என்ற எண்ணமும் தவறு. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. கடன் சிறியதோ பெரியதோ எழுதச் சோம்பல்படாதீர்கள் என்ற கருத்து அதில் வருகிறது. அடுத்த வசனம் (2:283) அடமானத்தைப் பேசுகிறது. நபி (ஸல்) அவர்களே தம் குடும்பத்துக்கு வாற்கோதுமை வாங்குவதற்காக மதீனாவில் ஒரு யூதரிடம் தம் போர்க்கவசத்தை அடமானம் வைத்திருந்தார்கள், அவர்கள் வஃபாத்தானபோதும் அது மீட்கப்படாமல் இருந்தது என்று புகாரீயில் வருகிறது. அகிலத்தின் தலைவரிடம் அடமானம் வாங்கியவரை யாரும் குறை சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. மறுப்பதே சில நேரம் இரக்கமாகிவிடும். 2010-ல் ஆந்திராவில் நுண்கடன் நிறுவனங்கள் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தன. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது கடன் என்று பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். வசூல் கெடுபிடி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த ஆண்டு அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. பின்னாளில் ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியில், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்தது. வட்டி விஷயத்தில் நம் நிலைப்பாடு வேறு. ஆனால் தாங்க முடியாத கடனைத் தலையில் ஏற்றுவது அநியாயம் என்பது எல்லோருக்கும் பொதுவான உண்மை. பொருளாளரின் பக்கம் இவ்வளவு நியாயம் இருக்கிறது.

அப்படியானால் அந்தப் பழவண்டிச் சகோதரரை வெளியே அனுப்பியது யார்? நன்றாக யோசித்தால், வசதி இருந்தும் கட்டாமல் இருந்தவர்கள். அடைக்க முடிந்தவர் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் கடன் கொடுத்தவருக்குச் செய்யும் அநியாயமாக மட்டுமே விளங்கி வைத்திருக்கிறோம். அடுத்து கேட்க வருபவருக்கும் அது அநியாயம். நீங்கள் பாக்கி வைத்தீர்கள். உங்களுக்குப் பயந்து விதி போட்டார்கள். அந்த விதியில் நீங்கள் சிக்கவில்லை, நீங்கள்தான் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களே! சிக்கியவர் உங்களை யாரென்றே தெரியாத ஒரு பழவியாபாரி. இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது ஏதாவது ஒரு பைத்துல்மாலில், ஒரு நண்பரிடத்தில், ஒரு சங்கத்தில் கட்ட முடிந்தும் கட்டாத பாக்கி இருந்தால், தயவுசெய்து இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவருக்குப் போன் செய்யுங்கள். மீதியைப் பிறகு வாசிக்கலாம்.

விதி தேவைதான். ஆனால் எங்கள் விதி எல்லாமே சரியா என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

அண்ணனின் பாக்கிக்காகத் தம்பிக்கு இல்லை என்றோம். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பதை அல்லாஹ் குர்ஆனில் ஓரிடத்தில் அல்ல, ஐந்து இடங்களில் (6:164, 17:15, 35:18, 39:7, 53:38) சொல்கிறான். நான் ஓதிக்கொடுக்கிற வசனம்! பதிவேட்டில் அது வேறு பெயரில் வந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. குடும்பப் பாக்கி என்று ஒரு கட்டம் போட்டிருந்தோம், அவ்வளவுதான்.

ஜாமீன் விதியும் அப்படித்தான். ஜாமீன் கேட்டது சரி. ஆனால் நிதியில் பணம் வைத்தவர்தான் ஜாமீன் போடலாம் என்றோமே, பழவண்டிக்காரருக்கு யாரைத் தெரியும்? பக்கத்து வண்டிக்காரரைத் தெரியும். வசதியுள்ளவருக்கு வசதியுள்ளவரைத் தெரியும். எழுதிப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே விதி. நடைமுறையில் அது ஒரு சாராருக்கு மட்டும் திறக்கிற கதவு.

கபீஸா (ரலி) அவர்களின் செய்தியை முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம். சமாதானம் செய்து வைப்பதற்காக ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டு, அதைத் தீர்க்க உதவி கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். அந்த நேரத்தில் கொடுக்கப் பணம் இல்லை. நபியவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. இங்கேயே இருங்கள், ஸதகா வரட்டும், உங்களுக்குக் கொடுக்கச் சொல்கிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பிறகு, யாரெல்லாம் கேட்கலாம் என்று மூன்று பேரைக் குறிப்பிட்டார்கள். பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் ஒருவர். பேரிடரில் பொருளை இழந்தவர் ஒருவர். மூன்றாமவர் வறுமையில் விழுந்தவர். அவருடைய சமூகத்தைச் சேர்ந்த விவரமுள்ள மூன்று பேர், இவருக்கு உண்மையிலேயே வறுமை வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

கவனியுங்கள், இங்கேயும் விதி இருக்கிறது, சாட்சி கேட்கப்படுகிறது. ஆனால் மூன்று செல்வந்தர்கள் என்று சொல்லப்படவில்லை. விவரமுள்ள மூன்று பேர், அதுவும் அவருடைய ஆட்களிலிருந்தே. சைக்கிள் கடைக்காரர் அந்தப் பழவியாபாரியைப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறார். எங்கள் கமிட்டியில் ஒருவருக்கும் அவருடைய வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. நாங்கள் அந்தச் சைக்கிள் கடைக்காரரைத் தகுதியில்லாதவர் என்று சொன்னோம்.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி பைஹகீயில் ஒரு செய்தி உண்டு. ஒருவரைத் தெரியும், நல்லவர் என்று இன்னொருவர் சாட்சி சொன்னார். உமர் (ரலி) அவர்கள் விசாரித்தார்கள். அவருக்கு நீ பக்கத்து வீட்டுக்காரனா? அவரோடு பணம் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறாயா? அவரோடு பயணம் போயிருக்கிறாயா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். அப்படியானால் உனக்கு அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிவாசலில் தலையைக் குனிந்து நிமிர்ந்து தொழுவதைப் பார்த்திருப்பாய் என்ற பொருளிலும் சொன்னதாக அறிவிப்புகளில் வருகிறது. ஒரே சஃப்பில் தோளோடு தோள் நின்றதால் நமக்கு அவரைத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். உமர் (ரலி) வைத்த பரீட்சையில் அந்தச் சைக்கிள் கடைக்காரர் தேறுவார். நான் தேற மாட்டேன்.

இந்த இடத்தில் ஒரு சிறு சரித்திரம். 1890-களில் மதராஸ் மாகாண அரசு, விவசாயிகள் கந்துவட்டியில் அழிவதைப் பார்த்து, ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கூட்டுறவுக் கடன் முறையைப் படித்துவர அனுப்பியது. அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக வந்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமங்களில் தொடங்கிய சங்கங்கள் அவரை மிகவும் கவர்ந்தன. 1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம். அவை வட்டியில் நடந்தவை, எனவே அந்த முறையை நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் அதன் அடிப்படை ஒன்று நமக்குப் பயன்படும். சங்கத்தின் எல்லையை வேண்டுமென்றே ஒரு சிறு கிராம அளவுக்குச் சுருக்கினார் ரைஃபைசன். காரணம், அங்கே ஒவ்வொருவருக்கும் மற்றவரைத் தெரியும். யார் உழைப்பவர், யார் ஊதாரி, யாருக்கு உண்மையிலேயே மாடு செத்தது என்பதை ஊர் அறியும். சொத்தில்லாத ஏழைக்கு அந்த அறிமுகமே அடமானம்.

இன்று வங்கியில் 300-லிருந்து 900 வரை ஒரு மதிப்பெண் வைத்து ஆளை எடைபோடுகிறார்கள். கணினிக்கு முகம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ஒரு மஹல்லாவின் செல்வமே முகம் தெரிவதுதான். அதை வைத்துக்கொண்டு நாமும் கணினி மாதிரி நடந்தால் எதற்கு ஒரு மஹல்லா நிதி?

சரி, விதியைத் திருத்தலாம். அண்ணன் தம்பி விதியை நீக்கலாம், ஜாமீன் விதியை விரிக்கலாம். பிறகு நாங்கள் அதைச் செய்தோம். ஆனாலும் எந்த விதி போட்டாலும் அதற்கு வெளியே ஒருவர் நிற்பார். அவரை என்ன செய்வது? தொடக்கத்தில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

இதற்கு நான் போகும் இடம் ஒரு ஜனாஸா.

புகாரீயில் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களிடம் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவருக்குக் கடன் உண்டா என்று கேட்டார்கள். உண்டு, மூன்று தீனார்கள் என்றார்கள். அடைப்பதற்கு ஏதாவது விட்டுச் சென்றாரா என்று கேட்டார்கள். இல்லை என்றார்கள். அப்படியானால் உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் கொண்டுவாருங்கள். மய்யித்து கிடத்தப்பட்டிருக்கிறது. சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். அல்லாஹ்வின் தூதர் தொழவைக்க மறுக்கிறார்கள். அகிலத்துக்கு அருட்கொடையாக அனுப்பப்பட்டவர்கள் மறுக்கிறார்கள். எவ்வளவு கனமான மறுப்பு! கடன் விளையாட்டு இல்லை என்று சமுதாயம் படிக்க வேண்டியிருந்தது. விதி வளையவில்லை.

அப்போது அபூ கதாதா (ரலி) பேசினார்கள். அல்லாஹ்வின் தூதரே, தொழவையுங்கள், அவருடைய கடன் என் பொறுப்பு என்றார்கள். நபியவர்கள் தொழவைத்தார்கள்.

எத்தனையோ தடவை இந்த ஹதீஸைக் கடனின் கொடுமையைச் சொல்வதற்காக நான் பேசியிருக்கிறேன். மறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் இரண்டாவது பாதியை ஒரு முடிவுரை மாதிரி வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அந்தப் பழவண்டிச் சகோதரருக்குப் பிறகுதான் அபூ கதாதா (ரலி) அவர்களை நின்று பார்த்தேன். அவர்கள் விதியைத் தளர்த்தச் சொல்லி வாதாடவில்லை. பாவம், ஏழை, விட்டுவிடுங்கள் என்று சிபாரிசு செய்யவில்லை. விதி கேட்டதைத் தன் கையிலிருந்து கொடுத்தார்கள். இந்தச் சம்பவத்தின் இன்னோர் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் ஜாபிர் (ரலி) வழியாக வருகிறது. மறுநாளே நபியவர்கள் அபூ கதாதாவைக் கண்டு அந்தத் தீனார்கள் என்னவாயிற்று என்று கேட்டார்கள். நேற்றுத்தானே அவர் இறந்தார் என்றார்கள். அதற்கு அடுத்த நாள், கொடுத்துவிட்டேன் என்று அவர்கள் வந்து சொன்னபோதுதான், இப்போதுதான் அவருடைய உடல் குளிர்ந்தது என்ற கருத்தில் நபியவர்கள் பேசினார்கள். ஜாமீன் என்றால் வாய்வார்த்தை இல்லை, அதையும் விசாரித்தார்கள்.

பின்னர் அல்லாஹ் வெற்றிகளைக் கொடுத்து பைத்துல்மாலில் பொருள் சேர்ந்தபோது, முஃமின்களில் யார் கடனோடு இறந்தாலும் அதை அடைப்பது என் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்களே அறிவித்துவிட்டார்கள். இதுவும் புகாரீ, முஸ்லிமில் உள்ளது. கை இறுக்கமாக இருந்தபோது இறுக்கமான விதி. கை தாராளமானபோது அந்த விதி போய்விட்டது. நம்மில் நிதி பெருகிய பிறகும் பழைய பயத்திலேயே விதியை வைத்திருக்கும் கமிட்டிகள் உண்டு.

எங்கள் கமிட்டியில் அன்று ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நிதியின் கை கட்டப்பட்டிருந்தது. ஐந்து பேரின் கை கட்டப்படவில்லை. அமானிதப் பணத்தைக் கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை, உண்மை. சொந்தப் பணத்தில் ஆளுக்கு 4,000 போட்டிருந்தால் 20,000. எங்களில் மூன்று பேருக்கு அது பெரிய தொகையே இல்லை. போடவில்லை என்பதைவிட, அந்த யோசனையே வரவில்லை என்பதுதான் என்னைச் சுடுகிறது. ரூல்படி முடியாது என்ற வார்த்தை வந்தவுடன் எங்கள் மனசு ஓய்வெடுத்துக்கொண்டது. விதி நிதியைக் காப்பாற்ற வந்தது. நாங்கள் எங்களைக் காப்பாற்றிக்கொள்ள அதைப் பயன்படுத்தினோம்.

மறுக்கும் விதத்துக்கும் மார்க்கத்தில் ஒழுக்கம் இருக்கிறது. கேட்டு வருபவருக்குக் கொடுக்க நம்மிடம் இல்லை, அல்லாஹ்வின் அருளை எதிர்பார்த்து இருக்கிறோம், அதனால் முகம் திருப்ப நேர்கிறது என்றால், அவர்களிடம் இதமாகப் பேசும்படி 17:28-ல் அல்லாஹ் சொல்கிறான். நிர்வகிக்கத் தெரியாதவர்களிடம் பொருளை ஒப்படைக்க வேண்டாம் என்று சொல்லும் 4:5 வசனமும், அவர்களிடம் நல்ல வார்த்தை பேசுங்கள் என்றே முடிகிறது. இல்லை என்று சொல்லலாம். பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லக் கூடாது. உட்கார வைத்து, ஏன் முடியவில்லை என்று விளக்கி, வேறு என்ன வழி என்று கேட்டு, இரண்டு நாள் பொறுங்கள் நாங்கள் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். கபீஸா (ரலி) அவர்களுக்குக் கிடைத்ததும் அந்த வார்த்தைதான்.

கமிட்டியில் இருக்கும் பெரியவர்களே, ஜகாத் பெறத் தகுதியானவர்களில் கடனாளிகளும் ஒரு பிரிவு (9:60) என்பதையும் நினைவில் வையுங்கள். உண்மையிலேயே அடைக்க வழியில்லாதவர்களை வருடக்கணக்கில் பாக்கிப் பட்டியலில் வைத்து அவமானப்படுத்துவதைவிட, ஜகாத் வசூலிலிருந்து அவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் கடனை அடைத்தால் நிதியும் நிமிரும், மானமும் நிற்கும். நிதியில் கொடுத்த கடனை அப்படியே தள்ளுபடி செய்துவிட்டு அதை ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலான ஃபுகஹாக்கள் அதை ஏற்பதில்லை. விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுக்கப்பட்ட நிலையில் இதை வாசிக்கும் சகோதரருக்கும் ஒரு வார்த்தை. விதிக்கு வெளியே நிற்பதால் நீங்கள் நம்பிக்கை இழந்தவர் என்று அர்த்தமில்லை. உங்களை மறுத்தது உங்கள் நேர்மையைப் பார்த்து அல்ல, பார்க்காமல். ஆனால் வட்டிக்காரரிடம் போகுமுன் இன்னும் ஒருவரிடம், மஹல்லாவில் இன்னும் ஒரே ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்படும் உங்கள் குணத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் கேளுங்கள்.

அந்தச் சகோதரர் பிறகு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அந்த ஜும்ஆவுக்கு வந்தார். வழக்கமாக மூன்றாவது சஃப்பில் உட்காருபவர், கடைசியில், செருப்பு வைக்கும் இடத்தை ஒட்டி உட்கார்ந்தார். ஸலாம் கொடுத்தவுடன் போய்விட்டார். அதற்கு அடுத்த ஜும்ஆவும் அப்படித்தான். தண்டல் விஷயம் எனக்குத் தெரியவந்ததே இரண்டு மாதம் கழித்து, அந்தச் சைக்கிள் கடைக்காரர் சொல்லித்தான்.

கமிட்டியில் நான்கு பேர் சேர்ந்து மீதித் தவணைக்கான பணத்தைத் திரட்டினோம். அஸருக்குப் பிறகு நான் மட்டும் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அவர் வண்டியில் கொய்யா அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். கேட்டுக்கொண்டே பழத்தைத் துடைத்தார். இன்னும் இருபத்திரண்டு நாள்தான் அஜ்ரத், முடிச்சிடுறேன், அந்தப் பணத்தை வேற யாராவது வந்தா கொடுங்க என்றார். நான் வற்புறுத்தினேன். சிரித்தார், வாங்கவில்லை.

ஒரு கிலோ கொய்யா வாங்கினேன். 60 ரூபாய். காசை எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு மேலே ஒரு பழம் கொசுறு வைத்தார்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.